வேலைக்கு வரலீங்க, வேலையைச் செஞ்சு தர்றேனுங்க!

கோவையில் பீளமேடு, கணபதி, அரசூர் பக்கமுள்ள பம்ப் கம்பெனிகளுக்கு டிராயிங் போட்டுக் கொடுப்பது என் தொழில். பன்னிரண்டு வருடம் மாதச் சம்பளத்தில் இருந்தேன். அதன்பிறகு வந்த ஒரு ஆஃபர் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டே, "சம்பளம் வேண்டாம், கன்சல்டன்டாகச் செய்து தருகிறேன்" என்று பேசி முடித்தேன். வீட்டில் ஒரு வாரம் யாரும் என்னிடம் சரியாகப் பேசவில்லை. இப்போது மாதத்துக்கு ஒருவராவது போன் போட்டு, "அக்கா, எப்படிப் பேசுனீங்க?" என்று கேட்கிறார்கள். சில சமயம் அவர்களுடைய அம்மாக்கள் கேட்கிறார்கள், வேறு தொனியில். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன். வரி எண்கள் 2025-26 நிதியாண்டு நிலவரம். கையெழுத்துப் போடும் முன் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு முறை காட்டிக்கொள்ளுங்கள்.

1. ஆஃபர் வந்ததும் "சரி" என்றும் சொல்ல வேண்டாம், "வேண்டாம்" என்றும் சொல்ல வேண்டாம். மூன்று நாள் கேளுங்கள். பத்துப் பேரைப் பார்த்துச் சலித்துத்தான் உங்களைப் பிடித்திருக்கிறார்கள். மறுபடி தேட அவர்களுக்கும் அலுப்பு. பேரம் பேச அந்த மூன்று நாளைவிட நல்ல நேரம் பிறகு வராது.

2. ஹெச்.ஆரிடம் தொடங்காதீர்கள். அவர்களிடம் இருப்பது ஒரே அச்சு. அதில் வேலைக்காரர் என்ற கட்டம் மட்டுமே உண்டு. யாருடைய மேஜையில் வேலை தேங்கிக் கிடக்கிறதோ, அந்தத் துறைத் தலைவரிடம் பேசுங்கள். அவர் ஒத்துக்கொண்டால் ஹெச்.ஆர். வழி கண்டுபிடிப்பார்.

3. முதல் வாக்கியத்தை வீட்டிலேயே சொல்லிப் பழகுங்கள். நான் சொன்னது இது: "சார், வேண்டாம்னு சொல்லலீங்க. நீங்க கேக்கற வேலைய நானே செஞ்சு தர்றேனுங்க. சம்பளமா வேண்டாம், வேலைக்குத் தகுந்த பில்லா குடுத்துருங்க."

"ஏம்மா, சம்பளம் பத்தலையா?" என்றார்.

"அதில்லீங்க சார். உங்களுக்கு மாசம் எட்டு நாள் வேலைதான் இருக்குது. மிச்ச நாளுக்கும் எதுக்குச் சம்பளம் குடுக்கறீங்க?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது அப்போதுதான். நமக்கு என்ன வசதி என்பதை அவர் கேட்டாலொழிய சொல்ல வேண்டியதில்லை.

4. எல்லா வேலையும் இதற்கு ஒத்துவராது. முடிந்ததா இல்லையா என்று வெளியிலிருந்து பார்த்தே சொல்லக்கூடிய வேலை ஒத்துவரும்: டிராயிங், மென்பொருள், மொழிபெயர்ப்பு, கணக்கு முடித்தல், விளம்பர வடிவமைப்பு. பத்து ஆட்களை மேய்க்கிற வேலை, ஷிப்ட் பார்க்கிற வேலை, ஸ்டோர் சாவி வைத்திருக்கிற வேலை ஒத்துவராது. உங்களுக்கு வந்திருப்பது இரண்டாவது வகை என்றால் ஆஃபரிலேயே கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

5. கட்டணம். பலரும் வழுக்கி விழுகிற இடம் இது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஆஃபரில் சி.டி.சி. (உங்களுக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு) வருடத்துக்கு 9,60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 80,000. அதை 26 வேலை நாளால் வகுத்து, "ஒரு நாளைக்கு 3,100 ரூபாய் கேட்டால் போதும்" என்று நினைப்பவர்கள் ஆறாவது மாதம் மறுபடி ரெஸ்யூமே எழுத உட்காருவார்கள்.

கணக்கை வருடத்திலிருந்து தொடங்குங்கள். 365 நாளில் ஞாயிறு 52 போனால் 313. பண்டிகை 12, உடம்பு சரியில்லாதது, கல்யாணம் காதுகுத்து என்று ஒரு 18 நாள் போனால் 283. இதில் ஒவ்வொரு நாளும் பில் போட முடியாது. கொட்டேஷன் எழுதுவது, வேலை தேடி அலைவது, பில் தொகைக்காக அக்கவுன்ட்ஸ் வாசலில் நிற்பது, கம்ப்யூட்டர் மக்கர் செய்வது எல்லாம் நம் செலவில்தான். என் அனுபவத்தில் 200 நாள் பில் போட முடிந்தால் அது நல்ல வருடம்.

அடுத்தது செலவு. கம்பெனி வாங்கித் தந்திருக்கக்கூடிய கம்ப்யூட்டர், டிராயிங் மென்பொருள் லைசென்ஸ், இன்டர்நெட், மின்சாரம், ஆடிட்டர், குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு. வருடத்துக்கு 1,60,000 என்று வையுங்கள். 9,60,000-உடன் சேர்த்தால் 11,20,000. இருநூறால் வகுத்தால் 5,600. வறண்ட மாதங்களுக்காகக் கொஞ்சம் கூட்டி 6,000 என்று சொல்லுங்கள். முதலில் நினைத்த 3,100 ரூபாய்க்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! கேட்கிற நமக்கே நாக்கு தடுமாறும். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசினால் தடுமாறாது. தாளை அவர்களிடம் காட்ட வேண்டாம்.

6. சி.டி.சி. என்ற தொகைக்குள் என்னென்ன ஒளிந்திருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். கம்பெனி தரப்பு பி.எஃப். 12 சதவீதம் (சில இடங்களில் 15,000 ரூபாய் உச்சவரம்புக்கு மட்டும் கணக்கிட்டு மாதம் 1,800). கிராஜுவிட்டி என்று அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம். இந்த 4.81 எங்கிருந்து வந்தது என்று பல வருடம் எனக்குத் தெரியாது. ஒரு வருட வேலைக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் கணக்கு; 15-ஐ 26-ஆலும் பிறகு 12-ஆலும் வகுத்தால் வருவதுதான். நிரந்தர ஊழியர் ஐந்து வருடம் இருந்தால்தான் அது பொதுவாகக் கைக்கு வரும். மூன்றே வருடத்தில் கிளம்புகிறவருக்கு அது காகிதத்தில் மட்டும் இருந்த பணம்.

7. ஒரு எச்சரிக்கை. "என்னை கன்சல்டன்டாக வைத்தால் உங்களுக்கு பி.எஃப். மிச்சம்" என்று மெயிலில் எழுதிவிடாதீர்கள். தினமும் ஒன்பதிலிருந்து ஆறு வரை அவர்கள் ஆபீஸ், அவர்கள் கம்ப்யூட்டர், லீவுக்கு அவர்கள் அனுமதி என்று இருந்துவிட்டு, தாளில் மட்டும் கன்சல்டன்ட் என்று போட்டுக்கொண்டால் சட்டம் தாளைப் பார்க்காது, நடப்பைப் பார்க்கும். குஜராத்தில் உப்பளத் தொழிலாளர்கள் வழக்கு ஒன்று 1950-களில் உச்ச நீதிமன்றம் வரை போனது. திராங்கத்ரா கெமிக்கல் வொர்க்ஸ் வழக்கு என்பார்கள். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது, விளைந்த உப்பின் எடைக்குத்தான் காசு. குடும்பத்தோடு தங்கள் போக்கில் வேலை செய்தார்கள். ஆனாலும் எப்படிச் செய்ய வேண்டும் என்று மேற்பார்வையிட்டுக் கட்டுப்படுத்தும் உரிமை கம்பெனியிடம் இருந்ததால் அவர்கள் தொழிலாளர்களே என்று தீர்ப்பானது. என்ன வேலை என்று சொல்வது வாடிக்கையாளர்; எப்படிச் செய்ய வேண்டும் என்றும் சொல்பவர் முதலாளி. ஒப்பந்தத்தில் நேரம், இடம், லீவு பற்றி ஒரு வரிகூட இருக்கக் கூடாது. "மற்ற நிறுவனங்களுக்கும் பணி செய்ய உரிமை உண்டு" என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும்.

8. "ஃபிக்ஸட் டெர்ம்" என்று சொல்லி ஒரு வருடத் தாளை நீட்டினால் குழம்பாதீர்கள். அது கன்சல்டன்ட் ஒப்பந்தம் கிடையாது. காலம் குறித்த வேலை, பி.எஃப். எல்லாம் உண்டு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் இப்படிப்பட்டவர்களுக்கு ஒரே வருடத்தில் கிராஜுவிட்டியும் உண்டு. சிலருக்கு இதுவே போதுமானதாக இருக்கும்.

9. கட்டணத்துக்கு மூன்று வடிவம் உண்டு: நாள் கணக்கு, வேலை கணக்கு, மாதக் கட்டணம். புது இடத்தில் முதல் வேலையை நாள் கணக்கில் செய்யுங்கள். அவர்கள் எவ்வளவு குழப்புவார்கள் என்று தெரிந்தபிறகு வேலை கணக்குக்கு மாறலாம். மாதக் கட்டணம்தான் வீட்டுக்கு நிம்மதி. "மாதம் எட்டு நாள், 48,000 ரூபாய், மாதத் தொடக்கத்திலேயே" என்று எழுதுங்கள். அவர்கள் பயன்படுத்தாத நாள் அடுத்த மாதத்துக்குச் சேராது என்பதையும் எழுதுங்கள். எழுதாமல் விட்டதால் ஒரு மார்ச் மாதம் எனக்கு 23 நாள் பாக்கி வந்து நின்றது.

10. எத்தனை திருத்தம் என்பது எண்ணாக இருக்கட்டும். தொழில் தொடங்கிய புதிதில் ஒரு கம்பெனிக்கு இம்பெல்லர் டிராயிங் ஒன்றை மொத்தத் தொகைக்கு ஒத்துக்கொண்டேன். பதினொரு முறை திருத்தச் சொன்னார்கள். ஒன்பதாவது திருத்தத்தில் முதல் டிராயிங்கில் இருந்த அளவுக்கே திரும்பி வந்தோம். தப்பு அவர்கள்மேல் இல்லை. நான் எழுதாததுதான் தப்பு. இப்போது "இரண்டு திருத்தம் கட்டணத்தில் அடங்கும், மூன்றாவதிலிருந்து நாள் கணக்கு" என்று இருக்கிறது. அந்த வரி வந்த நாளிலிருந்து எவருக்கும் மூன்றாவது திருத்தம் தேவைப்படவில்லை.

11. நம் பக்கத்துக் கம்பெனிகள் பல, ஒப்பந்தம் என்றாலே, "அதெல்லாம் எதுக்குங்க, பி.ஓ. போட்டுடறோம்" என்பார்கள். பர்ச்சேஸ் ஆர்டர் போதும்தான். ஆனால் அதன் பின்பக்கம் பொடி எழுத்தில் பத்துப் பதினைந்து நிபந்தனை இருக்கும், பெரும்பாலும் போல்ட் நட் வாங்குவதற்காக எழுதியவை. "நிராகரிக்கப்பட்ட சரக்கை விற்பவர் தம் செலவில் எடுத்துச் செல்ல வேண்டும்" என்று என் டிராயிங்குக்கு வந்திருக்கிறது! பி.ஓ. முகப்பிலேயே, "இன்ன தேதியிட்ட எங்கள் கொட்டேஷன் நிபந்தனைகளின்படி" என்று ஒரு வரி போடச் சொல்லுங்கள். போடுவார்கள்.

12. வேலையைத் தொடங்கும் முன்பே, சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவைச் செய்துகொள்ளுங்கள். ஆதாரும் பான் கார்டும் போதும், காசு கிடையாது. (காசு கேட்கிற இணையதளங்கள் போலி, அரசுத் தளத்தில் மட்டும் செய்யுங்கள்.) இதனால் என்ன லாபம்? 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, நீங்கள் என்ன தவணை ஒத்துக்கொண்டிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் வர வேண்டும். எழுத்தில் தவணையே இல்லை என்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. முறையிட வசதி மன்றங்கள் இருக்கின்றன, கோவையிலும் உண்டு. வேலையை ஒப்படைத்த 15 நாளுக்குள் அவர்கள் எழுத்தில் குறை சொல்லவில்லை என்றால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள். ஆனால் வேலை முடிந்தபின் ஓடிப்போய்ப் பதிந்தால் பழைய பாக்கிக்கு இது உதவாது.

வட்டியைவிடப் பெரிய ஆயுதம் ஒன்று உண்டு. குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால், பணம் தருகிற வருடம் வரை அந்தத் தொகையைச் செலவாகக் காட்டி வரி குறைக்க வாங்கியவர்களால் முடியாது. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதி. அதிலிருந்து மார்ச் மாதம் மூன்றாவது வாரம் அக்கவுன்ட்ஸ்காரர்களே, "மேடம், உங்க உத்யம் சர்ட்டிஃபிகேட் அனுப்புங்க" என்று கூப்பிடுகிறார்கள். பில்லிலேயே அந்த எண்ணை அச்சடித்துவிடுங்கள்.

13. வரி. பயப்படுகிற அளவுக்கு ஒன்றும் இல்லை. பில் தொகையில் டி.டி.எஸ். பிடிப்பார்கள், தொழில்முறைச் சேவைக்குப் பத்து சதவீதம். ஒரே நிறுவனத்திலிருந்து வருடத்துக்கு 50,000 ரூபாய் தாண்டினால் பிடிப்பார்கள். ஜி.எஸ்.டி.யைப் பில்லில் தனி வரியாகக் காட்டினால் அதன்மேல் டி.டி.எஸ். பிடிக்கக் கூடாது.

பொறியியல், மருத்துவம், சட்டம், கணக்கியல், கட்டட வடிவமைப்பு, உள் அலங்காரம், தொழில்நுட்ப ஆலோசனை, தகவல் தொழில்நுட்பம் போன்ற குறிப்பிட்ட தொழில்களுக்கு 44ஏடிஏ என்ற சலுகை உண்டு. (2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன, ஆடிட்டர்கள் வாயில் இன்னும் பழைய எண்தான்.) வருட வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால், ரொக்கமாக வாங்கியது ஐந்து சதவீதத்துக்கு மேல் போகாவிட்டால் 75 லட்சத்துக்குள் இருந்தால், வரவில் குறைந்தது பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். பெட்டி பெட்டியாகச் செலவு ரசீது சேர்க்க வேண்டாம். 15 லட்சம் வந்தால் ஏழரை லட்சம் வருமானம். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரி இல்லை. பிடித்த ஒன்றரை லட்சம் டி.டி.எஸ். ரிட்டர்ன் போட்டதும் திரும்ப வரும். அதுவரை அந்தப் பணம் நம் கையில் இருக்காது என்பதை வீட்டுச் செலவுக் கணக்கில் மறக்காதீர்கள். வரி வருகிற அளவுக்குச் சம்பாதித்தால் முன்கூட்டிய வரியை மார்ச் 15-க்குள் ஒரே தவணையில் கட்டலாம்.

வருட வரவு 20 லட்சம் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம், 18 சதவீதம். ஒப்பந்தத்தில் "கட்டணம், ஜி.எஸ்.டி. தனி" என்று இன்றே எழுதுங்கள். எழுதாமல் விட்டால் அந்த 18 நம் பையிலிருந்து போகும்.

14. ஊழியர் வேலைநேரத்தில் வரைந்தது முதலாளிக்குச் சொந்தம். கன்சல்டன்ட் வரைந்தது, வேறு மாதிரி எழுதிக் கொடுக்காதவரை, பொதுவாக வரைந்தவருக்கே சொந்தம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பொறியியல் டிராயிங்கும் அதில் அடங்கும். கம்பெனி உரிமை கேட்பது நியாயம், கொடுங்கள். "முழுக் கட்டணமும் வந்து சேர்ந்தபின் உரிமை மாறும்" என்று சேர்த்துக் கொடுங்கள். என் ஒப்பந்தத்திலேயே அதிகம் வேலை செய்த வரி இதுதான். எத்தனை வருடத்துக்கு, எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் சட்டம் ஐந்து வருடம், இந்தியாவுக்குள் என்று எடுத்துக்கொள்ளும். ஏற்றுமதி செய்கிற கம்பெனிகளிடம் இதை எடுத்துச் சொன்னால் அவர்களே ஒப்பந்தம் கேட்டு வருவார்கள்.

15. "விலகியபின் இரண்டு வருடம் வேறு பம்ப் கம்பெனிக்கு வேலை செய்யக் கூடாது" என்று போட்டிருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவின்படி அப்படிப்பட்ட தடை செல்லாது. செல்லாதுதானே என்று விட்டுவைத்தால், வக்கீல் நோட்டீஸ் வரும்போது தூக்கம் போகும். ரகசியம் காப்பது வேறு; அதற்குத் தாராளமாகக் கையெழுத்துப் போடுங்கள், காப்பாற்றவும் செய்யுங்கள். ஒரு கம்பெனியின் டிராயிங்கை இன்னொரு கம்பெனியில் பேச்சுவாக்கில் காட்டியவருக்கு நம் ஊரில் மூன்றாவது கம்பெனி கிடைக்காது.

16. அளவு ஒரு மில்லிமீட்டர் பிசகி, 400 காஸ்டிங் ஃபவுண்டரியிலிருந்து வந்து இறங்கிவிட்டால் யார் பொறுப்பு? ஊழியர் என்றால் திட்டு வாங்குவார். கன்சல்டன்ட் என்றால் பில் வரும். "என் பொறுப்பு வாங்கிய கட்டணத்துக்கு மேல் போகாது, முதல் மாதிரியைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டபின் உற்பத்திக்கு நிறுவனமே பொறுப்பு" என்று இருக்க வேண்டும். பேசக் கூச்சமான விஷயம். ஆனாலும் பேசிவிடுங்கள்.

17. முடித்துக்கொள்ளும் கெடு இரு தரப்புக்கும் சமமாக 30 நாள். நடுவில் நிறுத்தினால் அதுவரை செய்த வேலைக்குப் பணம்.

18. வீட்டுப் பக்கத்தையும் அதே வாரத்தில் கட்டிவிடுங்கள். கட்டணம் வரும் கணக்கு ஒன்று, வீட்டுச் செலவுக் கணக்கு வேறொன்று. ஒன்றாம் தேதி நமக்கு நாமே சம்பளம் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆறு மாதச் செலவு கையில் இல்லாமல் இறங்காதீர்கள். பி.எஃப். போன இடத்தில் பி.பி.எஃப். வையுங்கள், வருடம் ஒன்றரை லட்சம் வரை போடலாம். மருத்துவக் காப்பீட்டை, பழைய வேலையை விடும் முன்பே எடுங்கள். கம்பெனியின் குழுக் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு போய்விடும்; புதிதாக எடுக்கும் பாலிசியில் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வேண்டி வரலாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பது ஒரு ஆறுதல்.

வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் அதை முடித்துவிட்டு மாறுங்கள். சம்பளக்காரரிடம் சில மாத சம்பளச் சீட்டு கேட்கிற வங்கி, நம்மிடம் இரண்டு மூன்று வருட ரிட்டர்ன் கேட்கும். பெண் பார்க்கிற, மாப்பிள்ளை பார்க்கிற வீட்டிலும் இதே கதைதான். "கன்சல்டன்ட்னா, வேலை எதுவும் இல்லீங்களா?" என்று என் தம்பியைக் கேட்டவர்கள் உண்டு.

19. குழந்தை பெற்றுக்கொள்ளும் திட்டத்தில் இருக்கும் பெண்கள் இதைத் தனியாக யோசியுங்கள். ஊழியராக 80 நாள் வேலை பார்த்திருந்தாலே முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. கன்சல்டன்டுக்கு ஒரு நாள்கூட இல்லை. அரை வருடச் சம்பளம் சின்னத் தொகையா? அந்த விடுப்பு முடியும் வரை வேலையில் இருந்துவிட்டுப் பிறகு மாறினால் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

20. "முடியாது, வேலைக்கு வருவதென்றால் வாங்க" என்று சொல்லிவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். ஆஃபரின் கெடு முடியும் முன்பே பேச்சை முடித்திருந்தால், அந்த வேலை இன்னும் உங்கள் கையில்தான் இருக்கும். நான் இதுவரை நான்கு இடங்களில் கேட்டேன். இரண்டு இடத்தில் முடியாது என்றார்கள். அதில் ஒன்றில் வேலைக்கே சேர்ந்து மூன்று வருடம் இருந்தேன். நல்ல கம்பெனி, மதியச் சாப்பாடும் நன்றாக இருக்கும்.